மாப்பிள்ளையின் செவ்வாய்க்கிழமைகள்

அந்தக் கட்டடத்துக்குப் படிக்கட்டு ஒன்றுதான். கீழே மின்சாமான் கடை. முதல் மாடியில் கடைக்காரரின் குடும்பம். இரண்டாம் மாடியில் அவருடைய தங்கையும் தங்கையின் கணவரும். அந்தப் படிக்கட்டு தெருவில் இறங்காமல், கடைக்குள்ளேயே, கல்லாவுக்குப் பின்னால் ஒரு குறுகலான கதவில் வந்து முடிந்தது. கதவை அடைத்தாற்போல் கடைக்காரரின் சுழல்நாற்காலி கிடந்தது. மாடியிலிருந்து வருகிறவர் எவராயினும் கதவைத் திறந்துகொண்டு, நாற்காலி முன்னே நகரும் வரை நின்றாக வேண்டும். முதலில் "எங்க மாப்ளே?" என்ற கேள்வி வரும், அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் நாற்காலி நகரும்.

கடைக்காரர் கேட்பது தங்கையின் கணவரை. அவர் அழைப்பதைக் கேட்டுக் கேட்டு, விற்பனைக்கு நிற்கும் பெண்ணும் சரக்கு இறக்க வருகிறவர்களும், ஏன், வாடிக்கையாளர்களுமே அவரை மாப்பிள்ளை என்றே அழைத்தார்கள். ஊருக்கே மாப்பிள்ளையாக இருப்பது லேசான காரியம் இல்லை என்று அவர் மனைவி அவ்வப்போது சிரிப்பாள்.

அவர் அங்கே வந்து சேர்ந்த கதை சிறியது. அவர் வேலை பார்த்த கூரியர் நிறுவனம் ஒரு நாள் கதவை இழுத்து மூடியது. மகள் கைக்குழந்தை. "வேற வேலை கிடைக்கிற வரைக்கும் நம்ம கடையில உக்காருங்க மாப்ளே" என்றார் மச்சான். அந்த 'வரைக்கும்' பதினெட்டு ஆண்டுகளாக நீண்டது. இதற்குள் மகள் வளர்ந்து வெளியூர்க் கல்லூரிக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளைக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. வீட்டு அரிசியும் மகளின் படிப்புச் செலவும் கண்ணாடி மாற்றும் செலவும் கல்லாவிலிருந்தே நடந்தன. கேட்டு மச்சான் ஒருபோதும் மறுத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருந்தது.

மச்சான் கெட்டவர் அல்லர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டு என்றோ வெளியேறியிருக்கலாம். உண்ணும்போது நல்ல பங்கை மாப்பிள்ளையின் தட்டில் வைப்பவர் அவர். காய்ச்சல் என்றால் மருந்துக்கு அவரே ஓடுவார். அன்பாகப் போட்ட முடிச்சை எந்த முனையிலிருந்து அவிழ்ப்பது என்று மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை.

கடையில் மச்சான் வகுத்த சட்டம் ஒன்று இருந்தது. வாடிக்கையாளரிடம் வாய் தவறியும் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. கேட்ட பொருள் இல்லாவிட்டால் "இருக்குங்க, கிடங்குல இருக்கு, நாளைக்கு வந்துடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, மாலையில் வேறு கடையிலிருந்து வாங்கி வைக்க வேண்டும். நாளடைவில் மாப்பிள்ளையின் நாக்கில் அது ஊறிப்போயிற்று. மனைவி "தலைவலிக்குதா?" என்று கேட்டால்கூட "சரியாயிடும்" என்பாரே தவிர, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டார்.

வாரத்தில் செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று மட்டும் அந்த நாற்காலியில் ஆள் இராது. ஒரு விரலால் தள்ளினால் உருண்டுபோகும். அப்படி ஒரு செவ்வாயன்று கிடங்கை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது குழல்விளக்கு உடைந்து மாப்பிள்ளையின் உள்ளங்கை கிழிந்தது. பெரிய மருத்துவமனைக்குப் போனார். தையல் போடும் அறையைக் கண்டுபிடிக்குமுன் கண் பரிசோதனை வரிசையிலும் எக்ஸ்ரே வரிசையிலும் நின்று திரும்பினார். கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வரும்போது ஒரு வயதான தம்பதி அவரிடமே வழி கேட்டார்கள். தவறான வழிகள் அனைத்தும் அதற்குள் அவருக்கு அத்துப்படியாகியிருந்தமையால், சரியான வழியில் எளிதாகக் கூட்டிப் போனார். அவர்களுக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் கைக்குழந்தையுடன் ஒருத்தி. புறநோயாளர் பிரிவின் தலைமைச் செவிலியர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டுப் போட்ட கையோடு இப்படி அலைகிறவர் வாரத்தில் ஒரு நாள் தன்னார்வலராக வர முடியுமா என்று கேட்டார். வழக்கம்போல் மாப்பிள்ளையால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அந்தக் குறைபாட்டால் அவருக்கு விளைந்த ஒரே நன்மை அதுதான்.

அடுத்த வாரம் அவருக்கு ஒரு பச்சை மேற்சட்டை கொடுத்தார்கள். மச்சான் விஷயத்தைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். சும்மா வேலை பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் போவானேன், இங்கேயே பார்க்கலாமே என்றார். அந்த வேடிக்கையில் இருந்த உண்மை அவருக்கே தெரியவில்லை. மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

தொடக்கத்தில் ஒரு தவறு நேர்ந்தது. மின்சாமான் கடையிலிருந்து வந்த ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு. கால் மரத்துப்போன கணவனைத் தாங்கிக்கொண்டு வந்த ஒருத்தி, நரம்பு மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்டாள். மாப்பிள்ளைக்குத் தெரியாது. ஆனால் நாக்கு முந்திக்கொண்டது. "வந்துடுவாரும்மா, உக்காருங்க" என்றார். அந்த மருத்துவர் வியாழக்கிழமைகளில் மட்டுமே வருகிறவர். இரத்தப் பரிசோதனை இருக்குமோ என்று எண்ணி இருவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கூடம் காலியாகும் வரை காத்திருந்தார்கள். பெருக்குகிறவர் வந்து பெஞ்சுகளை நகர்த்தத் தொடங்கியபோது அவள் எழுந்து வந்தாள்.

"வருவாருன்னு சொன்னீங்களேண்ணே" என்றாள். குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

தலைமைச் செவிலியர் அவரைத் தனியே அழைத்தார்.

"உங்களுக்கு 'இல்ல'ன்னு சொல்ல வராதா?"

"பழக்கம் இல்லீங்க."

"இப்ப சொன்னீங்களே. அப்படித்தான். ஆனா 'இல்ல'ன்னு சொல்லிட்டு அங்கயே நிறுத்திடாதீங்க. எங்க இருக்கு, எப்ப இருக்குன்னு சேர்த்துச் சொல்லணும். வெறும் 'இல்ல' மூஞ்சியில கதவ சாத்தற மாதிரி."

அன்று முதல் மாப்பிள்ளை பயிற்சி எடுக்கத் தொடங்கினார். படியேறும்போது ஒவ்வொரு படிக்கும் ஓர் 'இல்லை'யை முணுமுணுத்துக்கொண்டே வருவார். யாரிடம் இத்தனை இல்லை சொல்கிறீர்கள் என்று மனைவி கேட்பாள். எந்த மருத்துவர் எந்த நாளில், எந்தத் தளத்தில், எந்தச் சீட்டு எந்த அறைக்கு என்பதை மனப்பாடம் செய்தார். பேசத் தெரியாதவர்களிடம் முதலில் என்ன கேட்க வேண்டும், அழுகிறவரை எங்கே உட்காரவைக்க வேண்டும், சத்தம் போடுகிறவரிடம் குரலை எப்படி இறக்க வேண்டும் என்பவையெல்லாம் கைவந்தன. புதிதாக வரும் தன்னார்வலர்களுக்குப் பழக்கிக் கொடுக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. மருத்துவமனையில் அவருக்குச் செவ்வாய்க்கிழமைக்காரர் என்று பெயர். மருத்துவர்கள் நின்று வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

மனைவி ஒன்றைக் கவனித்தாள். வாரம் முழுவதும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிற மனிதர் செவ்வாய் மாலைகளில் மட்டும் வாய் ஓயாமல் பேசினார். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எப்படிச் சிரித்தார்கள் என்று நடித்தே காட்டினார். கல்யாணமான புதிதில் தான் பார்த்த ஆள் இவர்தான் என்று அவளுக்கு நினைவு வந்தது. மறுநாள் புதன்கிழமை, கதவைத் திறந்துகொண்டு, நாற்காலி நகரும் வரை நிற்கும் ஆள் திரும்ப வந்துவிடுவார்.

மூன்று ஆண்டுகள் இப்படிக் கழிந்தபின், ஒரு புதன்கிழமை நாக்கு மறுபடி முந்திக்கொண்டது, இம்முறை எதிர்த்திசையில். ஓர் ஒப்பந்தக்காரர் பழைய வகைச் சுவிட்ச் ஒன்றைக் கேட்டார். "அது நம்மகிட்ட இல்லீங்க. அடுத்த தெரு மூலைக்கடையில கிடைக்கும்" என்றார் மாப்பிள்ளை. ஒப்பந்தக்காரர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். விற்பனைப் பெண் திரும்பி மச்சானின் முகத்தைப் பார்த்தாள்.

மச்சான் குரலை உயர்த்தவில்லை. "நம்ம கடையில உக்காந்து அடுத்த கடைக்கு ஆள் அனுப்பறீங்க. நல்ல சேவை மாப்ளே" என்றார். சற்று நேரம் மின்விசிறிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து செவ்வாய்க்கிழமையும் கடை திறக்கப்போவதாகச் சொன்னார். இப்போதெல்லாம் யார் விடுமுறை விடுகிறார்கள் என்றார். "நீங்க இருக்கீங்கங்கிற தைரியந்தான்" என்று முடித்தார்.

மாப்பிள்ளை "சரி மச்சான்" என்றார்.

அதன்பின் அவர் மருத்துவமனைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமைகளிலும் நாற்காலியில் ஆள் இருந்தது. பச்சை மேற்சட்டை மாடியில் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அணியாத சட்டையை மனைவி வாரந்தோறும் துவைத்து, தேய்த்து, அதே ஆணியில் மாட்டினாள். ஒருமுறை அவர் அதைக் கழற்றி அலமாரிக்குள் திணித்தார். மறுநாள் அது மறுபடி ஆணியில் இருந்தது. அவருக்குத் தூக்கம் குறைந்தது. வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே "வந்துடும்" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

ஒரு நண்பகலில் தலைமைச் செவிலியர் கடைக்கே வந்துவிட்டார். மேசைவிளக்கு ஒன்று வேண்டும் என்றார். கையெட்டும் தொலைவில் மச்சான் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை விளக்குகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்துப் பார்த்துக்கொண்டே செவிலியர் செய்தியைச் சொன்னார். நோயாளிகளுக்கு வழி சொல்லும் உதவி மேசைக்குச் சம்பளத்துடன் ஒரு பொறுப்பாளரை நியமிக்கப் போகிறார்கள். வருகிற செவ்வாய் காலை நேர்காணல்.

"அனுபவச் சான்று கேப்பாங்க. எங்ககிட்ட நீங்க இருந்த மூணு வருஷத்துக்கு நாங்க கொடுத்துடுவோம். இங்க பார்த்ததுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

மச்சான் சிரித்த முகத்துடன் குறுக்கிட்டார். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை இருக்கிறது என்றார். செவிலியர் விளக்கை வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளையை மட்டும் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சான்று கேட்டார். மச்சான் உண்மையாகவே புண்பட்டுப் போனார்.

"வீட்டு ஆளுக்கு யாராவது சான்று கொடுப்பாங்களா மாப்ளே? உங்கள வேலைக்காரனா நெனச்சிருந்தா கொடுத்திருப்பேன். நெனச்சதில்லையே."

மாப்பிள்ளை மாடிக்குப் போய்ப் படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்தார். நாள் தவறாமல் உட்கார்ந்த கடையில் அவர் வேலை பார்த்ததற்கு அத்தாட்சி ஏதும் கிடையாது. சல்லிக்காசு வாங்காமல் வாரம் ஒரு நாள் நின்ற இடத்தில் மட்டுமே, இன்னார் இன்ன வேலையைச் செய்தார் என்று சொல்ல ஆள் இருந்தது. இதை அவர் மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. வேலைக்குப் போனால் இந்த மாடியில் இருக்க முடியாதே என்று அவர் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் தேய்த்த சட்டை அணிந்து படியிறங்கினார். புறப்படும்போது ஆணியில் பச்சை மேற்சட்டையைக் காணவில்லை. தேட நேரமில்லை. கீழே கதவைத் திறந்தார். நாற்காலியின் முதுகு எதிரே இருந்தது.

"எங்க மாப்ளே? இன்னிக்கு லோடு வருது. கல்லாவுல நீங்க உக்காருவீங்கதானே?"

அந்தக் கேள்விக்கு இத்தனை ஆண்டுகளும் ஒரே பதில்தான் இருந்தது. தொண்டைவரை அதுவே வந்தது. விழுங்கினார்.

"இல்ல மச்சான்."

விற்பனைப் பெண் பல்புப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். மச்சான் திரும்பவில்லை, காது சரியாகக் கேட்டதா என்று யோசிப்பவர்போல் இருந்தார். மாப்பிள்ளை அங்கேயே நிறுத்திவிடவில்லை.

"நான் இல்ல. கல்லாவுக்கு நம்ம கடைப் பொண்ணு இருக்கா. எந்தச் சரக்கு எங்க இருக்குன்னு என்னவிட அவளுக்குத்தான் தெரியும். சாயங்காலம் நான் வந்து கணக்கு முடிச்சுத் தர்றேன். வேலை கிடைச்சுட்டா, ஒரு மாசம் கூட இருந்து எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டுத்தான் போவேன்."

நாற்காலி நகரவில்லை. கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதில் மாப்பிள்ளை நுழைய முடியாது, திரும்பிப் போகவும் மனம் வரவில்லை. இன்னும் சற்று நேரம் அப்படி நின்றிருந்தால் "சரி மச்சான்" என்று சொல்லியிருப்பார் என்பதை அவர் பின்னாளில் மறைத்ததில்லை.

படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது. மனைவி கைப்பையுடன் அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். பையின் வாய் வழியே பச்சைத் துணி தெரிந்தது.

"அண்ணா, கொஞ்சம் நாற்காலிய நகர்த்து. நானும் வெளிய போகணும்."

"நீ எங்கம்மா போற?"

"வீடு பாக்க."

மச்சான் தங்கையின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தரையில் காலை ஊன்றினார். சக்கரங்கள் கிறீச்சிட, நாற்காலி மெல்ல முன்னே போயிற்று.

அந்த வேலை உடனே கிடைத்துவிடவில்லை. படித்த வேறொருவரை எடுத்தார்கள். அவர் கூட்டத்தைத் தாங்க முடியாமல் விலகியபின் மாப்பிள்ளையை அழைத்தார்கள். காத்திருந்த அந்த மாதங்களில் வாடகை வீடு கிடைத்தும் குடிபோக வழியின்றி, அதே கதவின் வழியே, முகம் கொடுத்துப் பேசாத மச்சானின் முதுகைப் பார்த்துக்கொண்டு இறங்கி ஏறினார்கள். மாப்பிள்ளை வாழ்வின் ஆக நெருக்கடியான காலம் அதுதான். ஆயினும் செவ்வாய்க்கிழமைகளில் மேற்சட்டையை மாட்டிக்கொண்டு போவதை அவர் நிறுத்தவில்லை. நாற்காலியும் கேள்வி கேட்காமல் நகர்ந்தது. சம்பளத்துக்குப் போன முதல் நாள் திங்கட்கிழமை. வாசலில் அவரைக் கண்ட தலைமைச் செவிலியர், இன்று என்ன கிழமை என்று அருகிலிருந்தவரிடம் விசாரித்தார்.

கல்லாவில் இப்போது விற்பனைப் பெண்ணே உட்காருகிறாள், முறையான சம்பளத்துடன். அவள்தான் ஒரு முறை மருத்துவமனைக்கு வந்தபோது சொன்னாள். பழைய வாடிக்கையாளர்கள் இன்னமும் கடைக்கு வந்து மாப்பிள்ளை இல்லையா என்று கேட்கிறார்களாம். மச்சான் நிமிர்ந்து பார்ப்பதில்லையாம்.

"வந்துடுவாரு" என்கிறாராம்.