முப்பதக்காவின் பிடரி

எதிரே யார் வந்தாலும் அவர் முதலில் பிடரியைத்தான் பார்க்கிறார். முகமெல்லாம் அப்புறம். "திரும்பு" என்பார். திரும்பினால் கூந்தலை ஒரு கையால் அள்ளித் தூக்கி, கழுத்தோரத்தைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்து, "ஒரு விரக்கடை வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் பொறு. மறுபடி டை பக்கம் போனே, கையை ஒடிச்சிடுவேன்" என்று அனுப்பிவைப்பார். பேட்டரி தொழிற்சாலையில் பெண்கள் உடைமாற்றும் அறையில், சங்கு ஊதுவதற்கு முன், ஆறு மாதமாகத் தினமும் இந்தப் பரிசோதனை நடக்கிறது.

எல்லோருக்கும் அவர் முப்பதக்கா. யார் வயது கேட்டாலும் இருபது வருடமாக முப்பது என்றே சொல்லிவருவதால் வந்த பெயர். அவருடைய மகனுக்கே இருபத்தொன்பது ஆகிறது. அதைச் சுட்டிக்காட்டினால், "அவன் சீக்கிரமா வளர்ந்துட்டான், அதுக்கு நான் என்ன பண்றது?" என்பார்.

வேலை, ஈயத் தகடுகளை அடுக்குவது. ஒரு தகடு, ஒரு தாள், மறுபடி ஒரு தகடு. வாய் ஊர்க்கதை பேசும், கை பார்க்காமலே அடுக்கும். தலைக்கு மேல் தூசு உறிஞ்சும் குழாய் ஒன்று உண்டு. அது உறிஞ்சுவதைவிட இரைவதுதான் அதிகம்.

அதே மேசையில் எதிரே நிற்பவள் அவருடைய மருமகள். கல்யாணமான நான்கு வருடத்தில் இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. ஒரு விருந்தில் சொந்தக்காரர்கள் அவள் உடம்பைப் பற்றிக் குசுகுசுத்தபோது, முப்பதக்கா கூடத்தின் நடுவில் போய் நின்றாராம். "அவ உடம்புல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு எங்க மேசையில இருக்கு. எல்லாரும் வாயை மூடிக்கிட்டு சாப்பிடுங்க." வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் கேட்கவில்லை. மருமகள் வேலையை விட்டுவிட்டால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன். "இவ போனா அந்த இடத்துல இன்னொருத்தி வந்து நிப்பா. அவளும் ஒருத்தி பெத்த பொண்ணுதானே?" என்றார்.

நான் பரிசோதனைக்கூடத்து ஆள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கத்தரிக்கோல், தராசு, காகித உறைகளோடு அங்கே போகிறேன். பிடரியில், தோலை ஒட்டி ஒன்றரை அங்குலம் முடி, அதாவது மூன்று மாத வளர்ச்சி. அதை வைத்து ஈயம், பாதரசம் என்று உடம்பில் என்ன சேர்ந்திருக்கிறது, எந்தத் தாது குறைந்திருக்கிறது என்று பார்ப்போம். முடி சொல்வதே முடிவல்ல. ஆனால் ஒருவர் முடியில் ஈயம் கூடுதலாகத் தெரிந்தால், அவர் மேசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் ரத்தப் பரிசோதனை செய்து, குழாயையும் மாற்றித் தருவதாகத் தொழிற்சாலை எழுதிக் கொடுத்திருக்கிறது. நிபந்தனை இரண்டு. பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும்தான் சோதனை; மருமகள் அதில் வரமாட்டாள். சாயம் அடித்த முடி செல்லாது.

போன முறை முப்பதக்கா வந்து உட்கார்ந்தபோது கூந்தல் மைக்கூட்டில் முக்கி எடுத்தாற்போல் இருந்தது. டை அடித்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"என்னது? இது என் சொந்தக் கறுப்பு!"

சோதனை நடந்த சாப்பாட்டு அறை முழுக்க எதிரொலிக்கும்படி சொன்னார். நானும் பெரிய நீதிபதி மாதிரி ஈரப் பஞ்சை எடுத்து அவர் பிடரியில் தேய்த்து, கறுத்துப்போன பஞ்சைத் தூக்கிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். மானேஜர் சிரித்ததுதான் அதிகச் சத்தம். உறையில் 'செல்லாது' என்று எழுதினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சோதனைக்குரிய பத்தொன்பது பேரில் பதினான்கு பேர் சாயக்காரர்கள். மிஞ்சிய ஐந்து பேரும் அலுவலகத்திலும் பெட்டி கட்டும் இடத்திலும் இருப்பவர்கள். அவர்கள் முடியில் ஈயம் இல்லை. 'நமது காற்று தூய்மையானது' என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியாயிற்று.

சோதனை முடிந்த அன்றே முப்பதக்கா வாசலில் என்னை மறித்துக்கொண்டார். "ஏம்மா, மழையில நனைஞ்சவனை விட்டுட்டு, வீட்டுக்குள்ள இருந்தவன் சட்டையைத் தொட்டுப் பார்த்திருக்கீங்க. டை அடிக்கலைன்னா எங்க முடி செல்லுமா?"

"செல்லும்."

"அவ்வளவுதானே?" ஜடையைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு நடந்தார்.

அவ்வளவுதான் என்று அவர் சொன்னாரே தவிர, அது லேசில் முடிந்த காரியமில்லை. இரண்டாம் மாதம் வகிட்டிலிருந்து வெள்ளை இறங்கியது. பேருந்தில் நடத்துநர் "பெரியம்மா, உள்ளே தள்ளிப் போங்க" என்றதற்கு மூன்று நிறுத்தம் வரை அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்று மாலை முப்பதக்கா வீட்டுக் கண்ணாடியைத் துண்டைப் போட்டு மூடிவிட்டார் என்று மருமகள் சொன்னாள். மறுநாள் காலை உடைமாற்றும் அறையில் பிடரிப் பரிசோதனை வழக்கம்போல நடந்தது. ஒவ்வொருவராக மற்றப் பதின்மூன்று பேரும் வழிக்கு வந்தார்கள்.

சோதனைக்கு இரண்டு வாரம் இருக்கையில் மானேஜருக்குத் திடீரென்று பெண் ஊழியர்கள்மேல் அக்கறை பொங்கியது. பத்து வருடம் தாண்டியவர்களுக்குப் பரிசு, ஆளுக்கொரு சாயப் பாக்கெட். தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். முப்பதக்கா தங்கள் பதினான்கு பேருக்கான பாக்கெட்டையும் தானே வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். "ரொம்ப நன்றி சார். எங்க வீட்டுக்காரர் மீசைக்கு ஏழு வருஷத்துக்குத் தாங்கும்."

நேற்று சோதனை. முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். படிவத்தில் வயதுக் கட்டத்துக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் என் பேனா முப்பது என்று எழுதப் போனது.

"அம்பத்தி நாலு" என்றார், அறை முழுக்கக் கேட்கும்படி. "நல்லா கொட்டை எழுத்துல எழுதிக்கோ."

யாரும் சிரிக்கவில்லை. எதிரே மருமகள் சாப்பாட்டுத் தூக்கை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். மானேஜர் மட்டும் பக்கத்தில் வந்து, "எதுக்கும் துடைச்சுப் பார்த்துடுங்க மேடம், போன தடவை மாதிரி" என்றார்.

நான் கை நீட்டுவதற்குள் பஞ்சை முப்பதக்காவே எடுத்துவிட்டார். தண்ணீரில் நனைத்து, தோல் சிவக்கும்வரை தன் பிடரியைத் தேய்த்து, பஞ்சைத் தலைக்கு மேலே தூக்கி நாலு பக்கமும் காட்டினார். வெள்ளைவெளேரென்று இருந்தது. எழுந்துபோய் அதை மானேஜரின் சட்டைப் பைக்குள் செருகினார். திரும்பி வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கூந்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.