தெற்கு வானத்தில் கேட்டை

என் மனைவியின் நட்சத்திரம் கேட்டை. கல்யாணமான ஆறாம் மாதமே அது எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்பது மட்டும் பத்தொன்பது வருஷமாக அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

எங்களுக்குக் காட்டிய ஜாதகத்தில் அனுஷம் என்று எழுதியிருந்தார்கள். ஒரு நாள் அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், ரேஷன் கார்டைத் தேடி அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சேலைக்கு அடியில் மஞ்சள் தடவிய பழைய ஜாதகம் ஒன்று மடித்தபடி இருந்தது. தேதி அதேதான், பிறந்த நேரம்தான் வேறு. அனுஷத்துக்கு அடுத்தது கேட்டை. பிறந்த நேரத்தைச் சில மணி நேரம் முன்னால் தள்ளி எழுதினால் கேட்டை அனுஷமாகிவிடும். அவள் அப்பா அதைத்தான் செய்திருந்தார். கேட்டையில் பிறந்த பெண் வந்தால் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு ஓர் அண்ணன் இருந்தார்.

அண்ணன் தம்பானூரில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட என்னை இந்த மலையாள ஊருக்குக் கூட்டிவந்து, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டும் வேலையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். ஜாதகத்தைப் பார்த்த அன்றே நேராக அவரிடம் போய்ச் சொன்னேன். அறைச் சாவிகள் தொங்கும் பலகையின் முன்னால் நின்று சிரித்தார்.

"எனக்குச் சர்க்கரை வந்தது உன் கல்யாணத்துக்கு நாலு வருஷம் முன்னாடி. அதுவும் அந்தப் பிள்ளை கொண்டு வந்ததாக்கும்? போலே மக்கா. அவகிட்ட ஒண்ணும் கேட்டுராத. ராத்திரி சாப்பிட வாறேன், உள்ளித்தீயல் வைக்கச் சொல்லு."

அன்று ராத்திரி வந்து தீயல் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அதன் பிறகு பதினாறு வருஷம் வலியசாலையில் எங்கள் வீட்டில்தான் அவருக்கு ராத்திரிச் சாப்பாடு. அவர் சொன்னபடி நானும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு காலையில் லாட்ஜில் அவர் படுத்திருந்த அறைக் கதவு திறக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள், "நான் இந்த வீட்டுக்கு வந்த நேரம்" என்று சொல்லி நிறுத்திவிட்டாள். அப்போதிருந்து மாதாமாதம் அண்ணன் இறந்த திதியில் அவள் சாப்பிடுவதில்லை. வயிறு சரியில்லை என்பாள். முதல் இரண்டு மாதம் நம்பினேன். மூன்றாம் மாதம் காலண்டரைப் பார்த்தேன்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் உன்னால் அண்ணன் சாகவில்லை என்று சொன்னாலே, அப்படி ஒரு நினைப்பு எனக்கும் இருந்தது என்று ஆகிவிடும். அவள் அப்பா எழுதிய பொய்யை நான் எடுத்து வெளியே போட்டதாகவும் ஆகும். பேச்சு எனக்கு எப்போதும் வராது. கடையிலும் பின்னறைக்காரன், வாடிக்கையாளர் முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால்தான் இத்தனை வருஷம் அங்கே நிலைத்தேன். எத்தனையோ நாள் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சொல்லப் போகிறேன் என்று தண்ணீரை மட்டும் குடித்து எழுந்திருக்கிறேன்.

இந்த வருஷம் பிப்ரவரி மாதம், வேலை முடிந்து வரும் வழியில் ஒரு மைதானத்தில் தொலைநோக்கி வைத்து நிலாவைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசை சிறிதாக இருந்ததால் நின்றேன். நிலா பார்த்தாயிற்று. காட்டியவர் குழாயை வேறு பக்கம் திருப்பி, மலையாளத்தில், இதுதான் ரோகிணி என்றார். நட்சத்திரம் என்றால் அது பஞ்சாங்கத்தில் இருப்பது என்றே அதுவரை நினைத்திருந்தேன். ரோகிணி என்று வானத்தில் ஒன்று நிஜமாகவே எரிகிறது. அப்படியானால் கேட்டையும் எங்கேயோ இருக்கும். வாயால் சொல்ல முடியாததைக் கையால் காட்டிவிடலாம் என்று அங்கே நிற்கும்போதே தோன்றியது.

சீட்டுப் பணம் கையில் வந்ததும் தொலைநோக்கி விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்லவர். என் வேலையைச் சொன்னதும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். இரண்டு வகை காட்டினார். ஒன்று தடிமனான குழாய்; நாமே கையால் திருப்பித் தேட வேண்டும். இன்னொன்று கம்ப்யூட்டர் வைத்தது. ரிமோட்டில் பெயரைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் அதுவே திரும்பிப் போய் நிற்கும், வானம் நகர நகர அதுவும் கூடவே நகரும். கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற காசில் இதைவிடப் பெரிய கண்ணாடி கிடைக்கும், முதலில் கையால் தேடிப் பழகுவதுதான் நல்லது என்று அவரே எடுத்துச் சொன்னார். உண்மைதான். லென்ஸைப் பற்றி எனக்கும் தெரியும். பெரிதாக இருந்தால் வெளிச்சம் கூடும். ஆனால் கையால் தேட வேண்டுமென்றால் வான வரைபடம் படிக்க வேண்டும், அது ஆங்கிலத்தில் இருந்தது. அதோடு, நான் அவளைக் கூப்பிட்டு நிறுத்தும்போது தேடிக்கொண்டிருக்கக் கூடாது. தேடினால் தைரியம் போய்விடும். கம்ப்யூட்டர் வைத்ததையே எடுத்தேன். வாங்குவதற்கு முன்னால் லென்ஸின் மூடியைக் கழற்றச் சொல்லி, டியூப்லைட்டின் பிம்பம் லென்ஸில் எப்படி விழுகிறது என்று சாய்த்துப் பார்த்தேன். பூச்சு ஒரே சீராகப் பச்சையாக இருந்தது. கீறல் இல்லை.

வீட்டில் பெட்டியைப் பார்த்து அவள், "குழந்தையா பொறந்திருக்கு, தொட்டில் கணக்கா இவ்வளவு பெரிய பொட்டி" என்றாள். நிலா பார்க்க என்று சொன்னேன். நம்பினாளோ என்னவோ, துணி காயப்போடும் கொடியை அவிழ்த்துப் பின்முற்றத்தில் இடம் ஒதுக்கித் தந்தாள். அங்கே தெற்குப் பக்கம் மட்டும் திறந்திருக்கும். மற்ற பக்கமெல்லாம் அடுத்த வீட்டுச் சுவரும் பலாமரமும்.

மார்ச், ஏப்ரலில் நிலா நன்றாகத் தெரிந்தது. அதற்குக் கம்ப்யூட்டர் தேவையே இல்லை. பிறகு மழை வந்துவிட்டது. மூன்று மாதம் குழாயைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். அந்த நாட்களில்தான் கேட்டைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் எனக்குப் பழக்கமானது வலது கண்ணுக்கு ஒரு எழுத்து, இடது கண்ணுக்கு ஒரு எழுத்து, பிறகு எண்கள், கூட்டல், கழித்தல். எங்கள் கடைக் கவுண்டரில் இருக்கும் அம்மாள் மலையாளி. என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு. நாங்கள் தமிழ்க்காரர்கள் என்பதால் எங்களிடம் அவர் பேசும் தமிழே தனி. டீ நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"கேட்டையா? நம்ம திருக்கேட்டதானே? கொள்ளாமே, நல்லா இருக்கே அண்ணா. நட்சத்திரம் எல்லாம் விசாரிக்கிறீங்க, பெண்ணு பார்க்கப் போறீங்களா?"

பின்னறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. ஆனால் அவர் போனில் தேடி, ஒரு தாளில் பெரிய எழுத்தில் ஏழு எழுத்து எழுதித் தந்தார். ஆன்டாரஸ் என்று படித்தும் காட்டினார். கூடவே ஸ்வாதிக்கும் திருவோணத்துக்கும் எழுதி வாங்கிக்கொண்டேன். தொலைநோக்கியைப் பழக்க முதலில் இரண்டு நட்சத்திரங்களை நாம் காட்டிக் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் அது மற்றதைக் கண்டுபிடிக்கும்.

ஆகஸ்டில் மழை விட்டு விட்டுப் பெய்தது. வானம் வெளுத்த சாயங்காலமெல்லாம் முயன்றேன். தேதியும் நேரமும் போட்டு ஸ்வாதி என்றால் குழாய் பலாமரத்துக்குப் போகும். திருவோணம் என்றால் தரையைப் பார்க்கும். ஒரு தடவை அடுத்த வீட்டுக் குளியலறை ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றது. அவசரமாகத் துண்டைப் போட்டு மூடினேன். அவள் அடுக்களை வாசலில் நின்று, "நிலா அங்கயா இருக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். ஒன்பது நாள் இப்படி. மிஷின் கெட்டுவிட்டது, பணம் போயிற்று என்றே முடிவு செய்தேன். பதிமூன்றாம் தேதி அன்றைக்குத் தேதியைப் போட்டால், ரிமோட் ஏதோ ஆங்கிலத்தில் சொல்லி ஏற்க மறுத்தது. முதல் நாள்வரை பேசாமல் வாங்கிக்கொண்டதே என்று திரையைப் போனில் படம் எடுத்துக் கவுண்டர் அம்மாளிடம் காட்டினேன்.

"வெள்ளைக்கார சாயிப்பு உண்டாக்கினது அண்ணா. அவனுக்கு முதல்ல மாசம், பிறகுதான் தேதி. பதிமூணாம் மாசம் எங்கே இருக்கு?"

பன்னிரண்டாம் தேதிவரை நான் போட்டதையெல்லாம் அது வேறு மாதமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. எட்டாம் தேதி ஒன்றுதான் சரியாக இருந்திருக்கும், அன்றைக்குப் பார்த்து மழை. எட்டாம் மாதம் ஐந்தாம் தேதியை மே மாதம் எட்டு என்று நினைத்து, மே மாத வானத்தில் ஸ்வாதியைத் தேடியிருக்கிறது. பாவம், அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

அதன் பிறகு பத்து நாள் மேகம். ஆகஸ்ட் கடைசி வாரம் ஒரு சாயங்காலம், ஏழு மணிக்கு வானம் கழுவிவிட்டது போல இருந்தது. முக்காலியை மட்டம் பார்த்து நிறுத்தினேன். மாதத்தை முதலில் போட்டேன். ஸ்வாதி, சுவருக்கு மேலே தெரிந்தது. திருவோணம், பலாமரக் கிளைக்கு நடுவே ஒரு இடைவெளியில் கிடைத்தது. இரண்டையும் நடுவில் கொண்டுவந்து அழுத்தினேன். ஏற்றுக்கொண்டது. தாளைப் பார்த்து ஏழு எழுத்துள்ள பெயரைத் தேடி எடுத்தேன். குழாய் முனகிக்கொண்டே தெற்கே திரும்பியது. மெல்ல மேலே ஏறி நின்றது.

கண்ணை வைத்தேன். நடுவிலேயே இருந்தது. ஊதிவிட்ட கனல் மாதிரி சிவப்பு. லென்ஸின் வண்ணப் பிசிறோ என்று சந்தேகம் வந்து, ஒருமுறை ஸ்வாதிக்குத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் இதற்கு வந்தேன். லென்ஸில் குறையில்லை. நட்சத்திரமே இந்த நிறம்தான்.

அவளைக் கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். அவள் கண்ணின் பவர் எனக்கு மனப்பாடம். அவள் போட்ட கண்ணாடியெல்லாம் நான் வெட்டியதுதான். ஃபோகஸ் குமிழை அவள் கண்ணுக்குத் தக்கபடி திருப்பி வைத்துவிட்டு நகர்ந்தேன்.

குனிந்து பார்த்தாள். "நல்ல செவப்பு. செவ்வாயாக்கும்?"

"இல்ல. கேட்டை."

கண்ணை எடுக்காமல் அப்படியே நின்றாள். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. தெருவில் ஓர் ஆட்டோ கடந்து போனது.

"எப்பம் தெரியும்?" என்றாள், குழாய்க்குள் கேட்பது போல.

"கல்யாணமாகி ஆறாம் மாசம். பெட்டியில பாத்தேன்."

"பெரியத்தானுக்கு?"

"அன்னைக்கே சொன்னேன். அவருக்குச் சர்க்கரை நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே உண்டு. அது நீ கொண்டு வந்ததான்னு என்னைக் கேட்டாரு. உன்கிட்ட கேக்கக் கூடாதுன்னாரு. ராத்திரி தீயல் வைக்கச் சொன்னாரு." மூச்சு வாங்கியது. என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. "தெரிஞ்சுதான் பதினாறு வருஷம் உன் கையால சாப்பிட்டாரு."

அவள் நிமிர்ந்தாள். கண்ணாடி இல்லாத முகம். சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். நான் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"மூணு வருஷமா நான் படுத பாடு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இதைச் சொல்லத்தான் இந்த மிஷினா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"வாயால சொல்லியிருந்தா அஞ்சு பைசா ஆகாது" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். அண்ணன் கேட்காதே என்றுதான் சொன்னார். அவர் போன பிறகும் சொல்லாதே என்று சொல்லவில்லை. அந்த மூன்று வருஷமும் அவள் பட்டினி கிடந்தது நட்சத்திரத்தால் அல்ல, என் வாயால். அதையும் அவளிடம் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. தப்பு என்னுதுதான் என்று மட்டும் சொன்னேன். உள்ளே போனாள். வரமாட்டாள் என்று நினைத்துக் குழாயை மூடப் போனேன். பிளாஸ்டிக் ஸ்டூலோடு திரும்பி வந்து, அதைத் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். இன்னொரு முறை பார்த்தாள். நேரமாகியும் அது நடுவிலேயே நின்றது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வானம் நகர்கிறது, குழாயும் கூடவே போகிறது என்றேன்.

கொசுக்கள் காலைப் பிடுங்கின. உள்ளே போகலாம் என்று இருவருமே சொல்லவில்லை. அப்போது, வானத்தைப் பார்த்துக்கொண்டே, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் அண்ணனைப் பற்றிப் பேசினாள்.

"ஒருக்க என் பொறந்தநாளுக்குப் பெரியத்தான் எனக்கு அர்ச்சனைச் சீட்டு எழுதக் கோயிலுக்குக் கூட வந்தாரு. கவுண்டர்ல இருந்தவன் நட்சத்திரம் என்னன்னு கேட்டான். நான் பயந்துபோய் நின்னேன். இவரு உடனே சொல்லல. என் பக்கம் திரும்பி ஒரு மாதிரி சிரிச்சாரு. பொறவு அனுஷம்னு சொன்னாரு. என்னத்துக்கு அந்தச் சிரிப்புன்னு அன்னைக்கு எனக்குப் புரியல."

சொல்லி முடித்து அவளும் சிரித்தாள். கண்ணில் நீர் இருந்தது, ஆனால் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று உதட்டை ஒரு பக்கமாக இழுத்து எனக்குச் செய்துகாட்டினாள். அண்ணன் அப்படித்தான் சிரிப்பார்.