நெஞ்சில் வருத்தம் இல்லை

வெளிநாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த மின்னஞ்சலை டொக்டர் அச்செடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, எதிரில் நின்றபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியமானது என்று நீங்கள் அனுப்பிய இரத்த மாதிரிகளில் ஒன்று நோயுள்ளதாக இருக்கிறது, குழாய்கள் எங்காவது மாறிவிட்டனவா என்று அதில் கேட்டிருந்தார்கள். குழாய்களுக்கு இலக்கச் சீட்டு ஒட்டுகிறவள் நான். பதுளையில் எங்கள் ஆய்வுக்கூடம் மொத்தமே இரண்டு அறை. அந்த ஒரு வேலையை மட்டும் நான் யாரிடமும் விட்டதில்லை, யாரையும் நம்பி விடுகிற ஆளும் நான் இல்லை.

"பிள்ளை, நீர் ஏதும் மாத்தி ஒட்டிப்போட்டீரோ?" என்றார் டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். திட்டுவதைக்கூட விசாரிப்பது போலத்தான் திட்டுவார். இல்லை என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலில் எனக்குத் துளியும் நம்பிக்கை வரவில்லை.

எங்கள் ஆய்வு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டங்களில் நல்ல வயதிலேயே திடீரென்று விழுந்து இறந்துபோகிறவர்கள் உண்டு. சில குடும்பங்களில் இதயத்தின் தசை தேவைக்கு மேல் தடித்துவிடும். தடித்த தசை அளவுக்கு மீறி இறுகி இறுகித் துடிக்கும், ஒரு நாள் தாளம் தப்பி நின்றுவிடும். தகப்பனிடமிருந்தோ தாயிடமிருந்தோ பிள்ளைக்கு வருவது இது. எங்கள் ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் வீடு வீடாக இரத்தம் எடுத்து அதில் அந்தக் கோளாறைத் தேடினோம். சில மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினோம். அங்கே இரத்தத்திலிருக்கும் உயிர்க்கலங்களை மாதக்கணக்கில் பக்குவப்படுத்தி இதயத் தசைக் கலங்களாக மாற்றுவார்கள். கண்ணாடித் தட்டில் கிடந்தபடி அவை தாமாகத் துடிக்கும். புதிதாகச் செய்த மருந்தை அவற்றின் மேல் சொட்டுவிட்டு, இறுக்கம் தளர்கிறதா என்று பார்ப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயே இல்லாத குடும்பங்களின் இரத்தமும் வேண்டும். அதற்கென்று மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த மாதிரிகளைத்தான் அனுப்பியிருந்தோம். ஏனென்றால் அந்தத் தோட்டத்துப் படிவங்கள் எல்லாவற்றிலும் நோய் இல்லை என்றே எழுதியிருந்தது.

எல்லாவற்றிலும் என்றால் எல்லாவற்றிலும். அன்று பிற்பகல் அந்தக் கட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். ஒரே பேனா, ஒரே சாய்வு, வரிசையாக 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. வரிசையாக அறைகள் கொண்ட ஒரு லயம் முழுக்க ஒருவருக்குக்கூட நெஞ்சு நோவு இல்லையாம். நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். ஏதோ திருகுதாளம் நடந்திருக்கிறது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன்.

சந்தேகம் முதலில் படிவம் நிரப்பப் போன கள உத்தியோகத்தர் மேல் விழுந்தது. அவரும் வடக்கிலிருந்து வந்தவர், மலை ஏறுவதென்றால் முகம் சுளிப்பவர். பசறையில் ஏதாவது தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து நிரப்பியிருப்பார் என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க அவரைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனித்தேன். அவர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று பார்த்தேன், சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பிறகு டொக்டர் மேலேயே சந்தேகம் வந்தது. ஆரோக்கியமான கூட்டம் ஒன்று அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது, அது கச்சிதமாகக் கிடைத்திருக்கிறது, பழி மட்டும் லயத்துப் பெண் தலையில் விழப் போகிறது. வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு இருந்தது. அதை மறைக்க நான் எல்லாரிடமும் சிடுசிடுத்தேன்.

அக்கா அந்தத் தோட்டத்தில்தான் கொழுந்து எடுக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் மிஞ்சிய சொந்தம் நாங்கள்தான். அத்தான் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறார், பிள்ளைகள் இல்லை. படிவக்காரர் உண்மையிலேயே லயத்துக்கு வந்தாரா என்று அவளிடம் கேட்டால் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பசறை வழியாக பஸ் ஏறிப் போனேன். கடைசிப் பாதை பஸ் போகிற மாதிரி இல்லை, நடந்தேன்.

வந்தார்களே என்றாள் அக்கா. சட்டை போட்டவர் ஒருவர், இரத்தம் எடுக்கும் பெண் ஒருத்தி, ஒவ்வோர் அறையாக, காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினார்களாம். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அப்படியானால் ஏன் எல்லாரும் இல்லை என்று சொன்னீர்கள், என்னதான் கேட்டார் என்று விசாரித்தேன். அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து குரலை இறக்கிச் சொன்னாள்.

"ஒங்க நெஞ்சுல வருத்தம் இருக்கா, வீட்டுல வேற யாருக்காச்சும் வருத்தம் இருக்கான்னு கேட்டாங்க. அப்ப வேலைநிறுத்தம் முடிஞ்சி பத்து நாளுகூட ஆகல. தொரை மேல வருத்தம் இருக்கான்னுதானே கேக்குறாங்க? யாராச்சும் இருக்குன்னு சொல்லுவாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டொக்டர் ஊரில் வருத்தம் என்றால் நோய். எங்கள் லயத்தில் வருத்தம் என்றால் மனத்தாங்கல். இருதய நோய் என்று எழுதினால் சனங்களுக்கு விளங்காது என்று டொக்டர்தான் அதை எளிமையாக்கி 'நெஞ்சில் வருத்தம்' என்று போட்டிருந்தார். தோட்டத்து ஆட்கள் ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்களா என்றால், கேட்டிருப்பார்கள். ஆனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் சண்டை போட்டுப் பத்து நாள்கூட ஆகாதபோது, நோட்டும் பேனாவுமாக வாசலில் வந்து நின்று ஒருவர் நெஞ்சில் வருத்தமா என்று கேட்டால் யாருக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும்? முதல் காம்பராவில் கேட்டதுமே சேதி கடைசிக் காம்பரா வரைக்கும் போய்விட்டது. யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். இரத்தம் கொடுத்ததும் அதனால்தான். வேண்டாமென்றால் வருத்தம் இருக்கிறது என்று ஆகிவிடுமே என்றாள் அக்கா.

அந்தப் படிவத்தை அச்சுக்குப் போகுமுன் நானும் படித்திருந்தேன். பத்து வருஷம் டொக்டரோடு வேலை செய்து என் காதும் மாறிப்போயிருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வந்தது வந்தோம், நாமாவது சரியாகக் கேட்போம் என்று அக்காவிடமே கேட்டேன். மலை ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, மயங்கி விழுந்தது உண்டா? அவள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள். இரண்டு தடவை கூடையோடு விழுந்திருக்கிறாள். பக்கத்து நிரைப் பெண்கள் தண்ணீர் தெளித்து எழுப்பியிருக்கிறார்கள். வாயு அடைத்துக்கொண்டது, சுக்குத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்றாள். அப்பாவுக்கும் அப்படித்தானே இருந்தது என்று அவள் போகிற போக்கில் சொன்னாள்.

அப்பா நாற்பது வயது நிறையுமுன் பெரட்டுக்குப் போகிற ஏற்றத்தில் விழுந்து இறந்தார். வாயு நெஞ்சில் ஏறிவிட்டது என்றார்கள். நானும் பள்ளியிலிருந்து வேலைக்கான விண்ணப்பம் வரைக்கும் கேட்ட இடத்திலெல்லாம் அதையேதான் சொன்னேன், எழுதினேன். இதே நோயைத் தேடும் அறையில் உட்கார்ந்து, அடுத்தவர் வீட்டுச் சாவையெல்லாம் துருவித் துருவி விசாரித்தவள், என் தகப்பன் சாவை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

திங்கட்கிழமை அக்காவின் பெயரையும் சொல்லி எல்லாவற்றையும் டொக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வருத்தம் எண்டால் உங்கட ஆக்களுக்கு நோய் இல்லையோ?"

'உங்கட ஆக்கள்' என்றது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இல்லை என்று மட்டும் சொன்னேன். பிழை தன்னுடையது என்றார். இலக்கங்களுக்கு உரிய பெயர்கள் அவருடைய பூட்டிய அலுமாரியில்தான் இருந்தன. என் எதிரிலேயே திறந்து, மின்னஞ்சலில் குறிப்பிட்டிருந்த இலக்கத்தைத் தேடினார். விரல் ஒரு வரியில் நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்த விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"உம்மட அக்காவின்ர," என்றார்.

வெளிநாட்டிலிருந்து அனுப்பியிருந்த காணொளியைப் போட்டுக் காட்டினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. அது சுருங்கி, சுருங்கி, விரிய மனமில்லாதது போல் இறுகியது. அது அக்காவின் இரத்தம். மடுல்சீமையிலிருந்து பஸ் ஏறக்கூட யோசிக்கிறவள், கடல் தாண்டி ஒரு கண்ணாடித் தட்டில் துடித்துக்கொண்டிருந்தாள். மருந்து விழுந்த பிறகு எடுத்த அடுத்த காணொளியில் அந்த இறுக்கம் தளர்ந்திருந்தது, துடிப்பு நிதானமாகியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. டொக்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மருந்து நம் பக்கம் வர எத்தனை காலமாகுமோ தெரியாது, ஆனால் ஆபத்தைக் குறைக்கிற பழைய மாத்திரைகள் உண்டு, உடனே அவவைக் கூட்டிக்கொண்டு வாரும், ஸ்கேன் செய்ய வேண்டும் என்றார். அடுத்த தடவை அவள் விழுந்தால் எழும்பாமல் போகலாம் என்பதை அவர் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

மறுபடியும் தோட்டத்துக்குப் போய்க் கூப்பிட்டேன், அக்கா வர மறுத்தாள். இதய நோய் என்று டொக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் தோட்டத்துப் பதிவேட்டில் பேரை வெட்டிவிடுவார்கள், பேர் போனால் காம்பராவும் போகும் என்றாள். தோட்டத்துக்கு ஒன்றும் போகாது, எல்லாம் இரகசியம் என்றேன். இரகசியம் என்றால் உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். தன் இரத்தம் இப்போது எங்கே இருக்கிறது என்றாள். வெளிநாட்டில் என்றேன், பொய் சொல்ல வாய் வரவில்லை. அங்கே அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்றாள். தட்டில் துடிக்கிற கதையை என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். இரத்தத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று லயத்தில் பேசிக்கொண்டது நிஜம்தானே என்று அவள் கேட்டபோது, அது அப்படி இல்லை என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். அது அப்படித்தான் இருந்தது.

அடுப்பில் கிடந்த கேத்தலை இறக்கி வைத்துவிட்டு வந்து, எனக்கு நேர் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே அப்பாதானே? என் ரத்தத்துல இருக்கறது ஒன் ரத்தத்துல இல்லியா? நீ குடுத்துப் பாத்தியா?"

நான் கொடுக்கவில்லை. ஆரம்பத்தில் ஊழியர்களிடமும் விருப்பமானவர்கள் தரலாம் என்று கேட்டார்கள். மற்றவர்கள் எல்லாரும் கையை நீட்டினார்கள். நான் அன்று தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டேன். என் இலக்கத்தை யார் திறந்து பார்ப்பார்கள், அதில் ஏதாவது இருந்தால் வேலை நிலைக்குமா என்றெல்லாம் கணக்குப் போட்டுவிட்டுத்தான் போனேன். இந்தச் சனங்களிடம் பயப்படாமல் கொடுங்கள் என்று ஒவ்வொரு தோட்டமாகச் சொல்லி அனுப்பியவள், என் ஆய்வுக்கூடத்தை நானே நம்பவில்லை. இதை அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"அப்ப நீயும் வா. நீ மொதல்ல படு, நான் பாக்குறேன். பொறவு நான் படுக்கறேன்," என்றாள்.

அந்த வாரமே பதுளைக்கு வந்தாள். வருகிற வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள், வாயு என்று சொல்லவில்லை. ஸ்கேன் அறையில் டொக்டர் அவளைத்தான் முதலில் படுக்கச் சொன்னார். அக்கா அசையவில்லை, என்னைக் கை காட்டினாள். எனக்கு ஒரு கோளாறும் இல்லை, நான் மலையே ஏறுவதில்லை, இதெல்லாம் அவளைச் சம்மதிக்க வைக்கத்தான் என்று டொக்டரிடம் சிரித்தபடி சொல்லிக்கொண்டே படுத்தேன். அவர் குளிர்ந்த களிம்பைப் பூசி, கருவியை நெஞ்சில் வைத்து அழுத்தினார். நான் திரையைப் பார்க்கவில்லை. அக்காவும் திரையைப் பார்க்கவில்லை, டொக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் திரையின் பக்கம் குனிந்தார். ஓரிடத்தை அளந்தார். கருவியைச் சற்றுத் திருப்பி, அதே இடத்தை மறுபடியும் அளந்தார்.

"தசை தடிச்சிருக்கு, பிள்ளை. உமக்கும் இருக்கு."

கருவியில் ஏதும் பிழை இருக்கலாம், இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். பார்த்தார். நான் எழுந்து உட்கார்ந்து, இடம் தவறி அளந்திருப்பீர்கள், இன்னொரு தடவை என்றேன். அவர் கோபப்படாமல் மறுபடியும் கருவியை எடுத்தார். அக்கா எழுந்து வந்து அவர் கையை மெதுவாக விலக்கிவிட்டு, என் நெஞ்சிலிருந்த களிம்பைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"போதும்டி, எறங்கு. நான் படுக்கணும்," என்றாள்.