எலினெஸ் முதுகில் ஏறிய சேவல்

எலினெஸுக்கு நடுநிலை என்றால் என்னவென்று தேவாலயத்தில் இரண்டு நாள் பாடம் நடத்தினார்கள். எனக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. சந்தையில் அவள் மந்தாசி என்ற எண்ணெய்ப் பணியாரம் சுட்டு விற்கிறாள், பக்கத்தில் நான் கருவாடு விற்கிறேன். மலாவியில் ஒரே கட்சியே போதுமா, பல கட்சிகள் வேண்டுமா என்று அந்த வருஷம் வாக்கெடுப்பு வைத்தார்கள். போதும் என்பவர்களுக்குக் கறுப்புச் சேவல் சின்னம், வேண்டும் என்பவர்களுக்கு அரிக்கேன் விளக்கு. நான் விளக்கு. எலினெஸ் எதுவென்று இன்றுவரை சொன்னதில்லை, அழுத்தக்காரி.

தேவாலயம் அனுப்பிய சுயேச்சைப் பார்வையாளராக, கழுத்தில் அட்டை தொங்க, வாக்கெடுப்பு நாளில் பள்ளிக்கூட வாசலில் அவள் நின்றாள். விடிந்ததும் விடியாததுமாகக் எங்கள் ஊர் ஆளுங்கட்சித் தலைவர் கலுவா சைக்கிளில் வந்து இறங்கினார். சந்தையில் யார் எங்கே உட்காரலாம் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். அவர் முறைத்தால் மறுநாள் கடை இருக்காது. எலினெஸுக்கோ வீட்டில் ஐந்து வாய்.

கலுவா கையில் உயிரோடு ஒரு கறுப்புச் சேவல்.

"அம்மா எலினெஸ், பார்வையாளர்னா எங்களுக்கு விருந்தாளி. விருந்தாளிக்குக் கோழி குடுக்கிறது நம்ம முறை. வாங்கிக்குங்க."

மனுஷனுக்கு மூளையைப் பாருங்கள்! எங்கள் ஊரில் விருந்தாளிக் கோழியை வேண்டாம் என்றால் கொடுத்தவரை முகத்தில் அறைந்த மாதிரி. வாங்கினாலோ, வாக்குச்சாவடியில் சின்னத்தைத் தூக்கிக் காட்டியதாகும். வரிசையிலிருந்த விளக்குக்காரர்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். "அதைக் கையில வெச்சிருந்தா நாங்க ஓட்டுப் போடாமலே போயிருவோம்!"

எலினெஸ் மண்டியிட்டு, இரண்டு கையாலும் சேவலை வாங்கினாள். "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றாள். பிறகு பாவாடைக்கு மேல் சுற்றியிருந்த இடுப்புத் துணியை அவிழ்த்து உதறி, சேவலைத் தலையோடு மூடி, கைக்குழந்தையைக் கட்டுவதுபோல முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஓர் இறகு வெளியே தெரியவில்லை.

நாள் முழுக்க அப்படியே நின்றாள். மத்தியானம் முதுகிலிருந்து ஒரு கூவல் வந்தது. "பிள்ளைக்கு நெஞ்சுச் சளி, கஷாயம் குடும்மா" என்றாள் வரிசையில் ஒருத்தி. சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. எலினெஸ் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், அவ்வளவுதான். கலுவா மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்குச் சந்தையில பாக்கலாம்" என்று அவள் காதோரம் சொன்னார். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

சாயங்காலம் எண்ணத் தொடங்கும்போது வகுப்பறை இருட்டிவிட்டது. ஆசிரியர் அரிக்கேன் விளக்கை ஏற்றினார். கலுவா துள்ளி எழுந்தார். "விளக்கா? அது அவங்க சின்னமாச்சே! அணைங்க!"

"ஐயா சொல்றது நியாயம்தான். அணைச்சிருங்க" என்றாள் எலினெஸ்.

ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த எனக்கு வந்த கோபத்துக்கு அவளைக் கிள்ளியிருப்பேன். "அப்போ எப்படிடி எண்ணுவாங்க, மோந்து பாத்தா?"

அவள் கலுவாவின் சைக்கிளைக் காட்டினாள். டைனமோ விளக்கு உள்ள சைக்கிள் அங்கே அது ஒன்றுதான். உள்ளே கொண்டுவந்து ஸ்டாண்டு போட்டார்கள். தன் சைக்கிளில் இன்னொருத்தன் கால் வைக்கக் கலுவா சம்மதிக்கவில்லை. அவரே ஏறி மிதித்தார்.

விளக்கு, விளக்கு, சேவல், விளக்கு என்று ஆசிரியர் சீட்டுகளைப் பிரித்துப் போட்டார். விளக்குக் குவியல் உயர உயரக் கலுவாவின் கால் தளர்ந்தது, வெளிச்சம் மங்கியது. "மிதிங்க ஐயா, கண்ணு தெரியல" என்பாள் எலினெஸ். பாவம், தான் தோற்பதற்குத் தானே மிதித்து வெளிச்சம் போட்டார்.

முடிவைப் படித்ததும் வெளியே குலவைச் சத்தம். கூடவே, "கலுவாவை வெளியே அனுப்புங்க!" என்று வாலிபர்களின் கூச்சல். அவர் சைக்கிளைவிட்டு இறங்கவே இல்லை. எண்ணி முடித்த பிறகும் மிதித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா எலினெஸ், நீங்க ஆத்துப் பக்கமாத்தானே போவீங்க?"

அவர் வீடுதான் ஆற்றுப் பக்கம். அவள் வீடு நேர் எதிர்த்திசை.

"ஆமாங்க ஐயா, அந்தப் பக்கம்தான்" என்றாள்.

கழுத்து அட்டையை நிமிர்த்திவிட்டு அவருக்கு முன்னால் நடந்தாள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே வழிவிட்டது. கடுகடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். ஆற்றங்கரை வரை கலுவா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். தன் வீட்டு வாசலில் நின்று கேட்டார்.

"நாளைக்குக் கடை போடுவீங்களாம்மா?"

"போடட்டுமாங்க ஐயா?" என்று கேட்டுவிட்டாள் எலினெஸ், பழக்கதோஷத்தில்.

அவர் தலைகுனிந்து நின்றார். "இனிமே என்கிட்ட எதுக்கும்மா கேக்கணும்?"

வரும் வழியெல்லாம் அவள் அழுதாள். நானும்தான்.