ஒலிபெருக்கி லம்துவான்

தாய்லாந்தின் யசோதோன் சந்தையில் லம்துவானின் முகத்தைவிட அவள் குரலை அறிந்தவர்களே அதிகம். கூரையில் ஒலிபெருக்கிக் குழாய்கள் கட்டிய பழைய பிக்கப் வண்டியைக் கணவன் பூன்தெர்ம் ஓட்டுவான். இவள் பக்கத்தில் உட்கார்ந்து மைக்கில் பேசுவாள். கருவாட்டுக் கடை, சாவுச் செய்தி, காணாமல் போன எருமை. தேர்தல் வந்தால் வேட்பாளர். இந்தக் கடைசிச் சரக்குக்குக் கூலி அதிகம், நாணயம் குறைவு.

நெல் ஆலை முதலாளி பைரோத் முதன்முதலில் தேர்தலில் நின்றபோது அவள் வீட்டுக்கு வந்து, கூடையிலிருந்த பசைச்சோற்றைக் கையால் பிடித்து, மிளகாய்த் துவையலில் தொட்டுத் தின்றார். அவ்வளவுதான், லம்துவான் மயங்கிவிட்டாள். தொண்டை கிழியக் கத்தி அவரை ஜெயிக்க வைத்தாள்.

ஜெயித்தவர் நாற்காலியில் சூடேறுவதற்குள் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. கட்சிக்காகப் பேசியவளென்று இவளை முகாமுக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, நாட்டுப்பற்று சொல்லிக் கொடுத்து, இனி அரசியல் பேசுவதில்லை என்று கையெழுத்து வாங்கினார்கள். சில நாளில் அதே அதிகாரி வாசலில் நின்றார். சிப்பாய்கள் ஊராருக்கு இலவசமாக முடிவெட்டப் போகிறார்களாம், அறிவிக்க வேண்டுமாம்.

"அரசியல் பேசக் கூடாதுன்னு சொன்னீங்களே?"

"இது அரசியல் இல்லம்மா. மகிழ்ச்சி."

ஊரே ஒரே மாதிரி ஒட்ட வெட்டிய தலையோடு மகிழ்ந்தது.

பல வருடம் கழித்து ஒருவழியாகத் தேர்தல் வந்தது. பைரோத்தும் வந்தார். "உயிரே போனாலும் பட்டாளத்துக்காரனுக்குக் கை தூக்க மாட்டார்" என்று லம்துவான் தெருத்தெருவாகச் சத்தியம் செய்தாள். அவர் ஜெயித்தார். நாடாளுமன்றத்தில் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் நாளில், நூடுல்ஸ் கடை டிவியின் முன் ஊரே கூடியிருக்க, பெயர் கூப்பிட்டதும் பைரோத் எழுந்தார். ஆட்சியைப் பிடித்த அதே பட்டாளத்துக்காரனின் பெயரைத் தெளிவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கட்சி மாறிக் கொத்துபவனை அங்கே நாகம் என்பார்கள். நாகம் பாங்காக்கில் பத்திரமாக இருந்தது. கல்லடி லம்துவானுக்கு விழுந்தது.

"நாகத்தக் குறை சொல்லி என்ன? மகுடி ஊதினது நீதானடி" என்றாள் மீன்காரி சய்யுத். பக்கத்துக் கடைகள் சிரித்தன.

வீட்டில் பூன்தெர்ம் சமாதானம் சொன்னான். "விடு, கூலிக்குத்தானே சொன்னோம்."

"கூலிக்குச் சொல்லியிருந்தா வலிக்காதுய்யா. நம்பியில்ல சொன்னேன்."

அடுத்த தேர்தலுக்குப் பைரோத் வேறு நிறச் சட்டையில் வந்தார். நீட்டிய தாளில் பழைய வாசகமே இருந்தது; கட்சியின் பெயர் மட்டும் புதிது.

"சனங்க மறந்துடுவாங்க லம்துவான்."

"மறப்பாங்க ஐயா. என் வாய்தான் மறக்க மாட்டேங்குது. வேணும்னா வண்டிய எடுத்துக்கங்க, நீங்களே பேசுங்க."

அவரே பேசினார். அவர் குரலின் கரகரப்பைக் கேட்டு நாய்கள் குரைத்தன. தோற்றார், தோற்றதற்குப் பரிசாக ஓர் அமைச்சருக்கு ஆலோசகரானார். அதிக இடம் ஜெயித்த கட்சி, மற்றவர்கள் கூட்டுச் சேர்ந்துகொண்டதால் எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தது. பிறகு நீதிமன்றம் அந்தக் கட்சியையே கலைத்தது. அதன் பதாகைகள் ஊரில் பல கோழிக்கூடுகளுக்குக் கூரையாயின. ஓட்டால் விளைந்த உருப்படியான பலன் அது ஒன்றுதான் என்று லம்துவான் சொல்லிக்கொண்டிருந்தாள். அரசியல் கூலியை விட்டுவிட்டு, சாவுச் செய்தியோடு நிறுத்திக்கொண்டாள். செத்தவன் கட்சி மாற மாட்டான்.

கலைந்த கட்சிக்காரர்கள் புதுப்பெயரில் கூடியபோது, அவர்களுடைய வேட்பாளர் பிம்சிரி என்ற மருந்துக்கடைக்காரப் பெண் தேடி வந்தாள்.

"உங்க கட்சிக்கு அடுத்த வருசம் என்ன பேரு?" என்று ஏளனமாகக் கேட்டாள் லம்துவான்.

"தெரியல அத்தை. அது கோர்ட்டு கையில இருக்கு."

எந்த வேட்பாளர் வாயிலிருந்தும் இவ்வளவு நேரான பதிலை லம்துவான் கேட்டதில்லை. வண்டிக் கதவைத் திறந்தாள்.

"வண்டில ஏறு. உன் ஓட்டுச்சீட்டு நம்பர நான் சொல்றேன். சத்தியம் மட்டும் நீயே பண்ணிக்க."