பாசறைக் கூரையும் எங்கள் அக்காவும்

அக்காவை நினைத்தால் முதலில் அவரது நடைதான் எனக்குள் வருகிறது. விடிந்தும் விடியாத நேரம். குளத்துப் பக்கமிருந்து எழும்பிய பனி மருத மரங்களின் இடுப்புவரை நிற்கும். ஒரு கையில் ஸ்பானரும் மறு கையில் செபமாலையுமாக அக்கா பாசறை வளவைச் சுற்றி வருவார். ஒவ்வொரு குழாயடியிலும் ஒரு கணம் நின்று, தலையைச் சற்றுச் சரித்துக் கேட்டுவிட்டு நடப்பார். விடுமுறைக்குப் போய் அவரோடு தங்கிய நாள்களில் யன்னலால் இதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். விழித்திருக்கிறேனா, இன்னும் கனவுக்குள்தானா என்று தெரியாது. அவர் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளிலும் எனக்கு அது சரியாகத் தெளியவில்லை.

எங்கள் அக்கா முல்லைத்தீவுக் கரையில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே வாழ்ந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அவருக்கு ஒன்பது வயதானபோது நான் பிறந்தேன். அப்பா களப்பில் இறால் பிடிப்பார். மிச்ச நேரத்தில் கரையில் உள்ளவர்களின் படகு எஞ்சின்களைத் திருத்திக் கொடுப்பார். அக்கா பக்கத்தில் குந்தியிருந்து, எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்று அப்பா கேட்கும் முன்பே எடுத்து நீட்டுவாராம். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா காய்ச்சலில் காலமானபின் வீட்டைச் சுமந்த அக்கா திருமணம் செய்யவே இல்லை. என்னைப் படிப்பித்து ஆசிரியையாக்கியது அவர்தான்.

போரின் கடைசி மாதங்களில் அம்மாவும் அக்காவும் நானும் இடம் மாறி மாறிப் புதுக்குடியிருப்புப் பக்கம் வந்து சேர்ந்தோம். ஒருநாள் நல்ல மழை. எங்கள் தறப்பாள் கூடாரத்துக்குள் வெள்ளம் நின்றது. சற்றுத் தள்ளி ஓட்டுக்கூரையோடு ஒரு பழைய கட்டடம் வெறுமையாக இருந்தது. அம்மாவுக்கு இருமல். நனையாமல் உள்ளே போய் இருக்கும்படியும், நாங்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வருவதாகவும் சொல்லி அக்காதான் அவரை அனுப்பினார். அன்று ஷெல் எதுவும் விழவில்லை. முந்தைய நாள்களின் அதிர்வில் ஆட்டங்கண்டு, மழையில் ஊறிப் பாரமேறியிருந்த கூரை தானாகவே இடிந்து இறங்கியது. அம்மா அதற்குக் கீழே இருந்தார்.

அந்த நாளைப் பற்றி அக்கா அதன் பிறகு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போர் முடிந்தபின் இருந்த வவுனியா முகாமில் எங்கள் கூடார வரிசைக்கு ஒரேயொரு குழாய். அது மூடினாலும் ஒழுகும். அக்கா ஒரு பழைய ரப்பர்ச் செருப்பிலிருந்து காசளவு வட்டமொன்றை வெட்டியெடுத்து உள்ளே வைத்து முறுக்கினார், ஒழுக்கு நின்றது. பிறகு மற்ற வரிசைகளிலிருந்தும் அக்காவைக் கூப்பிட வந்தார்கள். அங்கே வந்துபோன போதகர் ஒருவர் இதைக் கண்டிருக்கிறார். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு அவரே எங்களைத் தேடி வந்தார். ஜெயபுரத்துக்கு அப்பால், காட்டோரக் குளமொன்றின் அருகில், விடுமுறைகளில் பிள்ளைகளைக் கூட்டிவந்து தங்கவைக்கும் அவர்களது திருச்சபையின் பாசறை நிலையம் பாழடைந்து கிடந்தது. அதைத் திருத்தவும் பராமரிக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்றார். தான் வேறு சபை என்று அக்கா தயங்கியபோது போதகர் ஐயா சிரித்தார்.

“குழாய்க்குச் சபை இல்லைப் பிள்ளை. நீங்கள் வாங்கோ.”

அப்படிப் போனவர் பதின்மூன்று ஆண்டுகள் அங்கேயே இருந்தார். பாசறைப் பராமரிப்புப் பொறுப்பாளர் என்பது பதவியின் பெயர். தண்ணீர்த் தாங்கி, மோட்டர், இரண்டு விடுதிகள், மண்டபம், குசினி, மலசலகூடங்கள், யானை முறித்துப்போட்ட வேலி, குரங்கு கிளறிய ஓடு, கிணற்றுக்குள் விழுந்த பாம்பு எல்லாமே அக்காவின் கையில். யாராவது அந்த இடத்தை முகாம் என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பிடிக்காது. “முகாமெண்டால் வரிசையில நிண்டு தண்ணி எடுக்கிற இடம். இது பாசறை,” என்பார். பிள்ளைகள் எந்தக் குழாயடியிலும் காத்து நிற்கக் கூடாது என்பதற்காகவே, விடுதிகளுக்குப் பின்னால் நீளத்துக்குக் குழாய்கள் பொருத்தினார்.

அவரிடம் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி இருந்தது. அதில் நாளுக்கு ஒரு வரி. “பெண்கள் விடுதி மூன்றாம் குழாய் அழுதுகொண்டிருக்கு.” “மோட்டருக்கு இண்டைக்கு மூச்சு வாங்குது.” “குசினிக் கதவு மழைக்கு வீங்கிப்போச்சு, வெயில் வரட்டும்.” கட்டடங்களுக்கும் உடம்பு இருப்பதுபோலத்தான் எழுதினார். போதகர் ஐயா அதை வாசித்துவிட்டு இது வைத்தியசாலைக் கொப்பியா என்று கேட்டதாகச் சொல்லுவார்கள்.

பாசறை நடக்காத வாரங்களில் அந்த வளவு வேறோர் உலகம். வெறுங்கட்டில்களுக்கு மேலே சுருட்டி முடிச்சிட்ட நுளம்புவலைகள் தாழ வந்த முகில்கள்போலத் தொங்கும். மத்தியானத்தில் குளத்தின் வெளிச்சம் விடுதிச் சுவர்களில் ஏறி அசையும். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் விரிப்புகளைப் பிடித்து மடிப்போம். இரண்டு மணித்தியாலம் ஒரு சொல்லும் பேசாமல் போய்விடும். மல்லாவிக்கு வந்து என் குடும்பத்தோடு இருக்கும்படி ஒவ்வொரு முறையும் கேட்பேன். “பாப்பம்,” என்பார். அந்த இடத்தின்மேல் எனக்குப் பொறாமை இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஓர் ஆண்டு, ஆகஸ்ட் விடுமுறைப் பாசறைக்கு மூன்று நாள்கள் இருந்தன. நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வரவிருந்தார்கள். மண்டபத்தைக் கூட்டும்போது பிள்ளைகள் இருக்கும் ஒரே வாங்கில், ஒரே இடத்தில், நாள்தோறும் மாப்போல மெல்லிய மரத்தூள் கிடப்பதை அக்கா கண்டார். ஏணி வைத்து ஏறி, கூரையைத் தாங்கும் முகட்டு வளையை ஸ்பானரால் தட்டிப் பார்த்தார். மரம் மரத்தின் சத்தம் தரவில்லை. இறங்கி வந்து மண்டபத்தைப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

நிர்வாகக் குழுத் தலைவர் கிளிநொச்சியிலிருந்து வந்தார். அவர் கெட்டவரல்லர். போருக்குப் பின் வீடுவீடாக அலைந்து அந்த நிலையத்தை மறுபடி எழுப்பியவர்களில் அவரும் ஒருவர். வெளியூர்களுக்கெல்லாம் அழைப்புப் போய்விட்டதே என்ற கவலை அவருக்கு. கீழே நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“சண்டையையே தாங்கின கூரை, தங்கச்சி. இனியோ விழப்போகுது?”

“விழாமலும் இருக்கலாம் ஐயா,” என்றார் அக்கா. “ஆனால் அதுக்குக் கீழ நான் பிள்ளையள இருத்தமாட்டன்.”

சாவியைத் தரும்படி அவர் கேட்டார். அக்கா தரவில்லை. போதகர் ஐயா இடையில் புகுந்து, பாசறையை மரங்களுக்குக் கீழே நடத்தலாம் என்றார். அக்கா இரண்டு நாள்கள் நித்திரையில்லாமல் கயிறும் தறப்பாளும் கட்டினார். எனக்குப் பாடசாலை விடுமுறை, உதவிக்குப் போயிருந்தேன்.

அந்த ஐந்து நாள்களும் என் நினைவில் ஒரே நாளாகக் கிடக்கின்றன. மருத மர இலைகளுக்கு நடுவால் விழுந்த வெயில் பிள்ளைகளின் பாட்டுத்தாள்களில் காசுகாசாக ஓடியது. அவர்கள் பாடியது தண்ணீரில் போய் அக்கரைக் காட்டில் பட்டுத் திரும்பி வந்தது. அங்கேயும் ஒரு பாசறை நடப்பதுபோல இருந்தது. ஒருமுறை போதகர் ஐயாவின் செபத்துக்கு நடுவில் அக்கரையில் யானை பிளிறியது. அவர் செபத்தை நிறுத்தி, கண்ணை மூடியபடியே புன்னகைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகளும் கண்ணைத் திறக்கவில்லை. அக்கா தூரத்தில் ஒரு வேரில் இருந்து மண்டபக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூரை விழவில்லை. ஐந்து நாள்களும் அது அப்படியே நின்றது. கடைசி பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றிவிட்டபின் தலைவர் கூரையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அடுத்த வாரம் அக்காவைச் சில மாதங்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அதன் பொருள் எல்லோருக்கும் விளங்கியது. அக்கா கொப்பியையும் சாவிகளையும் போதகர் ஐயாவிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் தன் அறைக்கு முன்னாலிருந்த பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அக்காவுக்குச் சொல்லாமல் கிளிநொச்சியில் தலைவரின் வீட்டுக்குப் போனேன். புதுக்குடியிருப்பில் நடந்ததை முதன்முறையாக வாய்விட்டு ஒரு மனிதருக்குச் சொன்னேன். அவரது மனைவி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீர் ஆறிப்போகும்வரை மூவரும் கதிரைகளில் அப்படியே இருந்தோம்.

மூன்றாம் நாள் அவர் காசிம் நானாவைக் கூட்டிக்கொண்டு பாசறைக்குப் போனார். காசிம் நானா நெடுங்காலம் புத்தளத்தில் இடம்பெயர்ந்திருந்து, முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து மரக்கடை வைத்தவர். ஏணியில் ஏறிய அவர் சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்து வளையில் குத்தினார். பூச்சி அரித்திருந்த மரத்துக்குள் பேனை முழுவதும் போய்விட்டது. கீழே இறங்கியவர் தலைவரிடம் பேசாமல் நேரே அக்காவிடம் வந்தார்.

“வெளியால பார்த்தா ஒண்டுமே தெரியேல்லையே. எப்பிடிப் பிள்ளை கண்டீங்க?”

“வாங்கில தூள் கிடந்தது நானா,” என்றார் அக்கா.

தலைவர் அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னாலும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். சாவிகள் திரும்பி வந்தன. ஆனால் மன்னிப்புக் கேட்கும்போது, அம்மாவின் கதை தனக்கு முன்பே தெரியாமல் போய்விட்டதே என்று சொல்லியும் விட்டார். அன்று பின்னேரம் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“அவர் மரத்தைப் பாத்து நம்பியிருக்கோணும். அம்மாவை ஏனடி அங்க கொண்டுபோய் வைச்சனி?”

அதன் பிறகு ஏழு வாரங்கள் அக்கா என்னோடு பேசவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீண்ட காலம் அவரது குரலைக் கேட்காமல் நான் இருந்ததில்லை.

மாரி தொடங்கிய ஒரு மத்தியானம், அறிவிக்காமல் இரண்டு பஸ் மாறி மல்லாவிக்கு வந்தார். வந்தவர் குசினிக்குள் போய், சோறு இருக்கிறதா என்று கேட்டுச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு என் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

“அம்மாவை நான்தான் உள்ளுக்குப் போகச் சொன்னனான்,” என்றார்.

“எனக்குத் தெரியும் அக்கா.”

“உனக்குத் தெரியுமெண்டு எனக்கும் தெரியும். வாயால ஒருக்காச் சொல்லிப் பாக்கோணும் போல இருந்தது.”

அவர் என் மடியில் தலை வைத்துப் படுத்தார். மூத்தவர் அப்படிப் படுத்தது அதுதான் முதல் தடவை. மழை விட்டதும் விடாததும் எங்களுக்குத் தெரியவில்லை. அம்மாவின் இருமலைப் பற்றி, அம்மா கருவாடு காயவைக்கும்போது காகங்களோடு சண்டை பிடிப்பதைப் பற்றி, ஆண்டுக்கணக்காகக் கதைக்காததையெல்லாம் அன்று கதைத்தோம். இருட்டிய பின்னும் விளக்குப் போட ஒருவரும் எழும்பவில்லை.

புதுக் கூரைக்கான மரங்களை அக்காவே காசிம் நானாவின் கடைக்குப் போய், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத் தெரிந்தெடுத்தார். அந்தக் கூரைக்குக் கீழே அதன் பிறகு எத்தனையோ பாசறைகள் நடந்தன.

சிறுநீரக நோய் அக்காவிடம் ஓசையில்லாமல் வந்தது. கால்கள் வீங்கின. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வைத்தியம் பார்த்தோம். கடைசி வாரங்களில், தன்னைக் குளத்தைப் பார்த்த தன் அறைக்கே கொண்டுபோகும்படி கேட்டார். தலைவர் கிழமைக்கு இருமுறை வந்து கட்டிலருகில் இருப்பார். இருவரும் கழிவுக் குழியைப் பற்றியும் மின் வயர்களைப் பற்றியும் கதைப்பார்கள். அப்போது வாலிபர் பாசறை ஒன்று தொடங்கவிருந்தது. தன் பொருட்டு அதைத் தள்ளிவைக்கக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதன் இரண்டாம் நாள் முற்பகலில், யன்னலை நன்றாகத் திறந்துவிடச் சொன்னார். திறந்தேன். மண்டபத்திலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்ததா, அவர் முதலில் போனாரா என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை.

அக்காவின் நோயிலும் பிரிவிலும் எங்களைத் தாங்கிய அனைவரையும் நன்றியோடு நினைக்கிறேன். இரவு பகலாகப் பார்த்த மருத்துவர்கள், தாதியர். தன் ஆலயத்து ஆளாகவே அக்காவை நடத்திய போதகர் ஐயா. இறுதித் திருப்பலியை ஒப்புக்கொடுத்த எங்கள் பங்குச் சுவாமி. பந்தலுக்கு மரமும் தடியும் தந்த காசிம் நானா. குடும்பத்தில் ஒருவராக நின்ற தலைவர். மல்லாவியிலிருந்தும் கரையிலிருந்தும் வந்த உறவுகள், வெளிநாடுகளிலிருந்து அழைத்து அழுதவர்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அடக்கத்தன்று புதுக்குடியிருப்பு பஸ்ஸில் வந்து இறங்கிய, என் வயதை ஒத்த ஒரு பெண். “உங்கட அக்காவை எனக்குத் தெரியும்,” என்று மட்டும் சொன்னார். பிறகு சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு போய், வந்த சனம் குடித்துவைத்த தேத்தண்ணீர்க் கோப்பைகளையெல்லாம் தனியே இருந்து கழுவி, துடைத்து, அடுக்கி வைத்தார். நான் தேடிப் போனபோது பின்னேரப் பஸ் போய்விட்டது. சகோதரி, உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். இந்த நினைவு மலர் எப்படியாவது உங்கள் கைக்கு வந்தால் மல்லாவிக்கு ஒருநாள் வாருங்கள். தேத்தண்ணீர் நான் போடுகிறேன். நீங்கள் கதிரையில் இருந்து, அக்காவை எப்படித் தெரியும் என்று எனக்குச் சொல்லுங்கள்.