மரத்துக்குச் சவரம்

வெள்ளம் வடிந்ததும் ஆற்றங்கரை வில்லோ மரங்களுக்கு மர டாக்டர் சவரம் செய்கிறாராம். மருந்துக்கடையில் கேட்டுவிட்டு வந்து மனைவி சொன்னாள். யாரோ கிளப்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் கரைக்குக் கீழே குடியிருப்பவனுக்கு மனம் கேட்குமா? செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். கத்தரிக்கோலும் கையுமாக நின்றிருந்தார்.

அவர் டாக்டர் இல்லை. ஆற்றங்கரைப் பூங்காவின் மேற்பார்வையாளர். பட்டத்தைத் தனக்குத்தானே சூட்டிக்கொண்டவர். அடிக்கோல் வைத்து வெட்டியது போன்ற மீசை, சட்டைப்பையில் சீப்பு. ஒவ்வொரு மரம் முடிந்ததும் கத்தரிக்கோலைக் கைக்குட்டையால் துடைப்பார். அதே கைக்குட்டையால் முகத்தையும்.

வெள்ளம் வாரக்கணக்கில் நின்று, மண்ணுக்குள் இருக்கும் வேருக்கு மூச்சு முட்டினால், நீர் தொடும் உயரத்தில் வில்லோவின் அடிமரமே செந்நிறத்தில் புது வேர் விடும். நீர் வடிந்தபின் அது சேற்றில் இறங்கிக் கரையைப் பற்றிக்கொள்ளும். உயிருக்குப் போராடி மரம் வளர்த்த அந்தத் தாடியைத்தான் இவர் மழித்துக்கொண்டிருந்தார்.

“பாருங்க சார், எப்படித் தொங்குதுன்னு. பரதேசி மாதிரி!”

பிழைக்க வந்த பரதேசியான நான் என் தாடையைத் தடவிக்கொண்டேன். “அது வேர் ஆச்சே?”

“வேர்னா மண்ணுக்குள்ள இருக்கணும் சார். வெளிய வந்தா அது நோய்.”

கோடையிலும் இதே லட்சண வைத்தியம்தான். வறண்டால் வில்லோ இலையை உதிர்த்து உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும். ஈரம் தேடி வேரை ஆழத்துக்கு அனுப்பும். இவர் விடுவாரா? தினமும் காலையில் அடிமரத்தைச் சுற்றி ஒரு வாளித் தண்ணீர். மேலேயே கிடைக்கும்போது வேர் எதற்குக் கீழே போகப்போகிறது? அப்படியும் இலை உதிர்ந்தால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “ஊத்துறது நான், உதிர்க்கிறது அது. நன்றி கெட்ட ஜென்மம்!”

இந்த மரங்களை நம்பித்தான் மகளைக் கைக்குழந்தையோடு கரையை ஒட்டிய வீட்டில் குடிவைத்திருந்தார். மேட்டுத் தெருவுக்குப் போய்விடலாம் என்று அவள் கெஞ்சியபோது, “அப்பாவோட மரம் நிக்குதுல்ல? கரை அசையாதும்மா” என்றாராம். மருமகன் என் எதிரிலேயே கேட்டார்:

“மாமா, மரம் தானா நிக்குதா, இல்ல நீங்க பிடிச்சு நிறுத்தி வெச்சிருக்கீங்களா?”

“மாப்ள, நீங்க கம்ப்யூட்டரப் பாருங்க. கரைய நான் பாத்துக்கறேன்.”

நேற்றுக் காலை ஆறு மறுபடியும் ஏறியது. பம்புக் கொட்டகைக்குப் பின்னால், கத்தரிக்கோல் கண்ணில் படாமல் தப்பிய ஒரு மரம் தாடியைச் சேற்றில் ஊன்றி நிமிர்ந்து நின்றது. மகள் வீட்டுக்கு நேர் எதிரே, மழமழவென்று மழித்த மரமோ ஆற்றுப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அதன் காலடியில் கரை கட்டிகட்டியாக உதிர்ந்தது. மர டாக்டர் அதை இரு கைகளாலும் கட்டிப்பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் போன் அடித்தது. எட்டிப்பார்த்த திரையில் மகளின் முகம்.

“உங்க பொண்ணு! எடுத்து, குழந்தையத் தூக்கிட்டு மேட்டுக்குப் போகச் சொல்லுங்க!” என்று கத்தினேன்.

“கை காலியில்ல சார்” என்றார், பிடியை விடாமல்.

அடித்து ஓய்ந்தது. பிறகு, சீப்புக்குப் பக்கத்தில், மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.